குட்டிச்சுவரில் 4,000 புரதங்கள்!

ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டல் ரூமில் ஃபேன் மட்டும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லேப்டாப் திரையில் ஒரு எண். 4,913.

அந்த இடத்தில் 4,000 இருந்திருக்க வேண்டும். ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு குறையவும் கூடாது. எங்கிருந்தோ 913 புரதங்கள் என் புரோகிராமுக்குள் டிக்கெட் எடுக்காமல் ஏறியிருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்தப் புரோகிராம் வரைந்த படத்தை எங்கள் மேடம் மொத்த லேபுக்கும் போட்டுக் காட்டப்போகிறார். படத்துக்குக் கீழே என் பெயர் வேறு!

கொஞ்சம் ரீவைண்ட் பண்ணிக்கிறேன்.

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். கூடப் படிக்கிற பசங்க எல்லாம் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு வால்வு, பம்ப், கியர் பாக்ஸ்னு ஃபேக்டரி பக்கம் போனபோது, நான் மட்டும் எப்படியோ ஒரு செல் பயாலஜி ஆராய்ச்சிக்கூடத்தில் வந்து விழுந்தேன். தவளையை அறுக்கச் சொல்வாங்களேன்னு பயந்து ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த ஆள் நான். முதல் நாள் மேடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் மேடம்." (பாஸும் பண்ணியிருக்கேன்!)

"அப்ப போதும். உட்காரு."

இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் சூடு எப்படிப் பரவும் என்று ஒரு சமன்பாடு படிக்கிறோம் இல்லையா? செல்லுக்குள் ஒரு புரதம் எப்படிப் பரவும் என்பதற்கும் அதே சமன்பாடுதான். வெப்பநிலை இருக்கிற இடத்தில் புரதத்தின் எண்ணிக்கையைப் போட வேண்டும், அவ்வளவுதான். கூடவே, புரதம் எதோடு ஒட்டும், எப்போது பிரியும் என்பதையும் எழுதிச் சேர்த்தால் மாடல் ரெடி. மூணு வருஷமா கம்பியையும் தட்டையும் சூடாக்கிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கம்பிக்கு உயிர் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் கொடுத்த கம்பியின் பெயர் ஈ.கோலி. நம் குடலில் குடியிருக்கிற பாக்டீரியா. கேப்ஸ்யூல் மாத்திரை மாதிரி உருவம், நீளம் 2 முதல் 4 மைக்ரோமீட்டர். ஐநூறை வரிசையாக நிறுத்தினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரும். நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகப் பிரியும். பிரியும்போது சரியாக நடுவில் பிரியணும். நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் வெட்டிக்கொண்டால், ஒரு பக்கம் டி.என்.ஏ. எதுவும் இல்லாத குட்டி உருண்டை ஒன்று வந்து விழும். அதனால் வளரவும் முடியாது, பிரியவும் முடியாது. இப்படி மினிசெல் போடுகிற ஈ.கோலியை 1967-ல் அமெரிக்காவில் ஆட்லர் குழுவினர் எழுதிவைத்தார்கள். அந்த 'மினி'யிலிருந்துதான் இந்தக் கதையின் ஹீரோக்களுக்குப் பேர் வந்தது: மின்-டி, மின்-இ, மின்-சி. கரன்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த நான் முதல் ரெண்டு நாள் சம்பந்தப்படுத்திக்கொண்டது வேறு கதை.

கண் கிடையாது, ஸ்கேல் கிடையாது. ஒரு பாக்டீரியா தன் நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் லேப் பி.ஹெச்டி. அக்கா. அவங்க போர்டில் வரைந்த அம்புக்குறிகளைப் பார்த்து நான் முழிக்க, நானே எனக்கு ஒரு கதை கட்டிக்கொண்டேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நீளமான குட்டிச்சுவர். சுவரில் உட்காரும் பசங்கதான் மின்-டி. உட்கார உடம்பில் சார்ஜ் வேணும். செல்லுக்குள் அந்த சார்ஜுக்குப் பெயர் ஏ.டி.பி. (சார்ஜ் தீர்ந்த நிலைக்கும் தமிழில் எழுதினால் ஏ.டி.பி.தான். இங்கிலீஷில் நடு எழுத்து மாறும். அதனால் சார்ஜ் உள்ளது, சார்ஜ் போனது என்றே வைத்துக்கொள்வோம்.) ஒருத்தன் உட்கார்ந்தால் "மச்சி, இங்க வாடா"னு பக்கத்தில் பத்துப் பேர் சேருவாங்க இல்லையா? மின்-டியும் அப்படித்தான். கூட்டம் இருக்கிற இடத்தில்தான் கூட்டம் சேரும்.

மின்-இ என்பது வாட்ச்மேன். காலிச்சுவருக்கு அவர் போகவே மாட்டார். பசங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் வருவார். வந்து தோளில் கை வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பையன் சுவரை விட்டு இறங்கியாகணும். இறங்கினவன் உடனே திரும்ப ஏற முடியாது. டீ குடித்து சார்ஜ் ஏற்றிக்கொள்ள சராசரியாக ஒரு நொடி. அந்த ஒரு நொடி நேரம் அவன் சும்மா நிற்கிறானா? அலைகிறான். சார்ஜ் ஏறும்போது அவன் வேறு எங்கேயோ இருப்பான், அங்கே வாட்ச்மேன் இருக்க மாட்டார். அங்கே உட்காருவான், "மச்சி, இங்க வாடா" ஆரம்பிக்கும். பழைய முனையில் வேலை முடிந்த வாட்ச்மேன்களும் மெதுவாக இந்த முனைக்கு வந்து சேருவார்கள். மறுபடியும் துரத்தல். இப்படி மொத்தக் கூட்டமும் சுவரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்-சி, மின்-டியோடவே சுற்றுகிற நண்பன். அவன் இருக்கிற இடத்தில் செல்லை வெட்டுகிற வளையம் கட்ட முடியாது. எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம்தான் அந்த வளையத்தைக் கட்டுகிறது. கூட்டம் ரெண்டு முனையிலும் மாறி மாறி டேரா போடுவதால், சராசரியாகக் கூட்டம் குறைவாக இருக்கிற இடம் எது? நடு! வளையம் அங்கேதான் வரும்.

கதை சூப்பர்தான். ஆனால் இதைக் கட்டுக்கதை என்று யாரும் ஒதுக்க முடியாதபடி 1999-ல் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஸ்கினும் பியெட் டி போயரும் மின்-டியோடு ஜெல்லி மீனின் பச்சை ஒளிரும் புரதத்தை ஒட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். பச்சை வெளிச்சம் ஒரு முனையில் இருந்தது. சில பத்து நொடிகளில் அங்கே அணைந்து மறு முனையில் எரிந்தது. திரும்பவும் இந்த முனை. நிற்கவே இல்லை.

அக்கா அந்த வீடியோ ஒன்றைக் காட்டியபோது நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிஷம் எனக்கு வந்த ஆசை: இதை என் லேப்டாப்பில் ஓட்டணும்.

அதற்கு வழி 2003-லேயே போட்டுவைத்திருந்தார்கள். கெர்வின் ஹுவாங், யிகல் மெயிர், நெட் விங்ரீன் மூணு பேரும் எழுதிய மாடல். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், 'இதுதான் நடு', 'இதுதான் முனை' என்று எங்கேயும் அவர்கள் குறித்துவைக்கவில்லை. ஒட்டுதல், துரத்தல், சார்ஜ் ஏறுதல், அலைதல். இந்த விதிகளைக் கொடுத்தால் ஊசலாட்டம் தானாக வருகிறது. பரவல் என்பது எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் என்றுதான் நாம் ஹீட் ட்ரான்ஸ்ஃபரில் படிக்கிறோம். வேதிவினையோடு சேர்ந்தால் அதே பரவல் கோலமும் போடும் என்று ஆலன் டூரிங் 1952-லேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் டூரிங்தான், அவரேதான்!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா? அந்த மாடலில் புரதம் செல்லுக்குள் அலையும் வேகத்துக்கான எண், நொடிக்கு 2.5 சதுர மைக்ரோமீட்டர். சார்ஜ் ஏற ஒரு நொடி. ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போவான்? 2 × 2.5 × 1-க்கு வர்க்கமூலம், சுமார் 2.2 மைக்ரோமீட்டர். செல்லோட நீளம் 4. அதாவது இறங்கின பையன் டீ குடித்து முடிப்பதற்குள் பாதிச் சுவரைத் தாண்டிவிடுகிறான். அந்த ஒரு நொடி டீ பிரேக் இல்லை என்றால், இறங்கின இடத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுவான். இந்தக் கணக்கை மெஸ்ஸில் டிஷ்யூ பேப்பரில் போட்டேன். சாம்பார் பட்ட அந்தப் பேப்பர் இன்னும் பர்ஸில் இருக்கிறது.

சரி, என் புரோகிராமுக்கு வருவோம். செல்லை 80 பெட்டியாக நறுக்கினேன். ஒரு நொடியை 5,000 துண்டாக நறுக்கினேன். மைக்ரோமீட்டருக்கு 1,000 மின்-டி, 350 மின்-இ. ஆக 4 மைக்ரோமீட்டர் செல்லில் 4,000 பசங்க, 1,400 வாட்ச்மேன். ஒவ்வொரு துண்டு நேரத்திலும் ஒவ்வொரு பெட்டியிலும் யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு கூட்டல் கழித்தல்.

முதல் வாரம் ஒண்ணும் நடக்கவில்லை. ரெண்டாவது வாரம் எல்லா எண்ணும் எகிறி வெடித்தது. மூணாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம், ஆடியது! இந்த முனை மஞ்சள், அந்த முனை நீலம், மாறி மாறி. சத்தியமாகச் சொல்கிறேன், செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் கத்தினதில்லை. பக்கத்து லேபில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு சின்னக் குறை. 2003 மாடலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 40 நொடி. எனக்கு 34 வந்தது. வாட்ச்மேன் துரத்துகிற வேகத்துக்கு ஒரு எண் இருக்கிறது, 0.7. அதைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தேன். 40 வந்துவிட்டது. படத்தை சேவ் பண்ணி மேடத்துக்கு அனுப்பினேன். "நைஸ்" என்று பதில் வந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "செல்லைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டேன்மா" என்றேன். "செல்லுல கம்ப்யூட்டர் ஓட்டுவாங்க, நீ என்னடா தலைகீழா சொல்ற?" என்றார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. அதை நான் கண்டுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைவிடத் துளி நீளமாகிக்கொண்டே வந்தது. பயாலஜின்னா அப்படி இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பயாலஜி எங்கே இருக்கிறது? ஓடுவது என் புரோகிராம்!

மீட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் அக்கா கேட்டாங்க. "டோட்டல் பிளாட் பண்ணிப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா." பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கு, ஆடுதே! ஆனால் சொன்ன பொய் வடையோடு சேர்ந்து தொண்டையில் நின்றது. அதனால்தான் ராத்திரி பதினொன்றரைக்கு எல்லாப் பெட்டியையும் கூட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷ ஓட்டத்தின் முடிவில் 4,913.

எங்கப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி கல்லாவை எண்ணும்போது பத்து ரூபாய் குறைந்தால்கூடப் பரவாயில்லை என்பார், பத்து ரூபாய் அதிகமாக இருந்தால் தூங்க மாட்டார். "யாருதோ இது, நம்மகிட்ட எப்படி வந்துச்சு?" அந்த முகம் ஞாபகம் வந்தது.

ஒரு மணி வரை தேடினேன். திருடன் நான் படித்த சப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருந்தான். கம்பியின் முனை இன்சுலேட் ஆகியிருந்தால், கடைசிப் புள்ளியின் வெப்பநிலையை பக்கத்துப் புள்ளியிலிருந்து காப்பி பண்ணிக்கொள்ளலாம் என்று கிளாஸில் செய்திருக்கிறோம். அங்கே அது வேலை செய்யும். இங்கேயும் அப்படியே செய்தேன். ஆனால் இந்தக் கம்பியில் முனையில்தானே மொத்தக் கூத்தும் நடக்கிறது! கடைசிப் பெட்டியில் நூறு பேர் தண்ணீரிலிருந்து சுவருக்கு ஏறினால், தண்ணீரில் நூறு குறைய வேண்டும். என் காப்பி வரி வந்து பக்கத்துப் பெட்டியின் எண்ணை அதன் மேல் எழுதிவிடும். ஏறின நூறு பேர் சுவரிலும் இருப்பார்கள், தண்ணீரிலும் இருப்பார்கள். இறங்கும்போது சிலர் காணாமல் போவார்கள். கூட்டிக் கழித்தால் வரவு அதிகம். மின்-டி கூடினால் சுற்றும் நீளும் என்று 2003 பேப்பரிலேயே இருக்கிறது. என் சுற்று ஏன் நீண்டுகொண்டே போனது என்பதற்கு அதுதான் விடை. கண்ணெதிரே இருந்திருக்கிறது.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். திருத்தி ஓட்டிப் பார்த்தேன். 0.7-ஐயும் பழையபடி வைத்தேன். இப்போதும் ஆடியது, சுற்று 46 நொடி, டோட்டல் அசையாமல் 4,000. பழைய படம், புதுப் படம் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சொல்லப்போனால் தப்பான படம்தான் 40-க்குச் சரியாக வந்து, பார்க்கவும் அழகாக இருந்தது! யாருக்குத் தெரியும்? எவனும் என் பெட்டிகளை எண்ணப்போவதில்லை. மேடத்திடம் ரெகமண்டேஷன் லெட்டர் கேட்க நினைத்திருந்தேன். கடைசி வாரத்தில் போய் "மேடம், என் படம் டுபாக்கூர்" என்று சொன்னால் லெட்டர் எங்கே வரும்? அமைதியாகத் திருத்திவிட்டு, அடுத்த வாரம் "புது வெர்ஷன்" என்று அனுப்பிவிடலாமே. இப்படியெல்லாம் யோசித்தேன். ரெண்டு தடவை லேப்டாப்பை மூடினேன்.

தூக்கம் வரவில்லை. ரெண்டரை மணிக்கு மெயில் அடித்தேன். மூணே வரி. படம் தப்பு, காரணம் இது, எண்ணை மாற்றி 40 வரவைத்ததும் நான்தான். காலை ஆறு மணிக்குப் பதில் இருந்தது. "மீட்டிங்ல நீயே சொல்."

சொன்னேன். கை நடுங்கியது. மார்க்கர் கீழே விழுந்தது. தப்பான படம், மேலே ஏறுகிற டோட்டல், காப்பி வரி, திருத்தின படம். எல்லாவற்றையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்கள், அது சிரிப்பைவிட மோசம்! "46 ஏன்? 40 ஏன் இல்லை?" உருண்டையான செல்லை நான் கம்பியாக்கியதில் ஏதோ விட்டிருக்கலாம் என்றேன். "ஏதோ இல்ல. எதுன்னு பார்த்துச் சொல்லு" என்றார் மேடம்.

அப்புறம் அவரே ஒரு கதை சொன்னார். 2001-ல் ஹான்ஸ் மைன்ஹார்ட்டும் அதே டி போயரும் இந்த ஊசலாட்டத்துக்கு ஒரு மாடல் போட்டார்கள். ஆட்டம் வந்தது. ஆனால் அதில் புரதங்கள் புதிதாகப் பிறந்துகொண்டும் அழிந்துகொண்டும் இருக்க வேண்டும். ஆனால் 1999 சோதனையில், செல் புதிதாகப் புரதம் தயாரிப்பதையே நிறுத்தி வைத்தபோதும் மின்-டி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் பின்னால் வந்தவர்கள், இருக்கிற புரதத்தை வைத்தே ஆட்டத்தை வரவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "அவங்க அதைத் தெரிஞ்சே வெச்சாங்க, பேப்பர்ல எழுதியும் வெச்சாங்க. யார் வேணா சோதிச்சுப் பார்க்கலாம். உன் மாடல்லயும் புரதம் பிறந்துச்சு, ஆனா உனக்கே தெரியாது" என்றார் மேடம். திட்டுகிறாரா, பாடம் நடத்துகிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்தது 2008-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பெட்ரா ஷ்வில்லே குழுவினர் செய்த சோதனை. செல்லையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்! தட்டையாக ஒரு கொழுப்புச் சவ்வு. அதன் மேல் சுத்தப்படுத்தின மின்-டி, மின்-இ, சார்ஜுக்கு ஏ.டி.பி. வேறு எதுவும் கிடையாது. அந்தத் தட்டைச் சவ்வில் அலை அலையாகப் புரதங்கள் ஓடின. விதிகள் மட்டும் போதும், ஆட்டம் தானாக வரும் என்று மாடல் போட்டவர்கள் சொன்னதற்கு, கண்ணாடி மேலேயே சாட்சி. ஆனால் அந்த அலையின் நீளம் செல்லுக்குள் இருப்பதைப்போல் சுமார் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று மாடல் போடுகிறவர்கள் மறுபடியும் பேப்பரை எடுக்க வேண்டியிருந்தது. என்னுடைய ஆறு நொடிக்கே எனக்கு வியர்த்தது.

இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் நாலு நாள். லெட்டர் கேட்க தைரியம் வரவில்லை. காப்பி வரியைத் தூக்கிவிட்டு, கடைசிப் பெட்டியைத் தாண்டி ஓட்டம் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். செல்லின் நீளத்தை 10 மைக்ரோமீட்டர் ஆக்கியிருக்கிறேன். பிரிய விடாமல் தடுத்தால் ஈ.கோலி பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போகும். அந்த நீள செல்லில் மின்-டி பட்டை பட்டையாக ஆட வேண்டும். இதற்காக நான் எந்த எண்ணையும் தொடவில்லை.

நேற்று ராத்திரி ஓட்டினேன். முதலில் ரெண்டு முனையும் ஒன்றாக மஞ்சளானது. அப்புறம் ரெண்டும் அணைந்து நடு மஞ்சளானது. திரும்ப முனைகள். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரையின் மூலையில் நான் புதிதாகச் சேர்த்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

மொத்தம்: 10,000. மொத்தம்: 10,000. மொத்தம்: 10,000.

"டீ சாப்பிடலாமா?" என்றாங்க.